காற்று எங்கே அடைபடுகிறது? ஒரு வேனின் ஏசியும் வன்னித் தெருக்களும்

கடந்த ஆடி மாதம் நாங்கள் பதின்மூன்று பேர் ஒரு வேன் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போனோம். வன்னிக் குளங்கள் பற்றிய ஒரு கள வேலை. எங்களில் மூன்று பேர் வன்னிப் பிள்ளைகள். பரந்தனில் திரும்பி, ஏ35 வழியாகப் புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. திரும்பி வரும்போது முள்ளியவளை, ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு என்று திட்டம். பெரிய தெருக்களில் பிரச்சினை இல்லை. குளங்களுக்குப் போகிற உள் தெருக்கள்தான் கிரவல். சோளகக் காற்று, மழை கண்டு மாதக்கணக்காகிய நிலம், முன்னால் மண் ஏற்றிய டிப்பர் ஒன்று. கண்ணாடிகளை இறுக்கி ஏற்றிவிட்டு ஏசியைக் கூட்டிப் போட்டோம்.

ஒட்டுசுட்டானுக்கு வர முதலே காற்று குறைந்துவிட்டது. விசிறியின் இரைச்சல் மட்டும் உச்சத்தில் இருந்தது. துவாரத்துக்கு முன்னால் கையை வைத்தால் யாரோ மூச்சு விடுகிற அளவுதான் வந்தது. பின் சீற்றில் இருந்தவர்கள் கொப்பிகளால் விசுக்கத் தொடங்கிவிட்டார்கள். "கேஸ் முடிஞ்சுது போல, அடிச்சால் சரி" என்றார் சாரதி அண்ணா. மாங்குளச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கராஜில் நிறுத்தினோம்.

அங்கே இருந்த ஐயாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். நாங்கள் எதிர்பார்த்ததுபோல கேஸ் மீற்றரைக் கொண்டு வரவில்லை, பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. முன் சீற்றில் ஏறி இருந்துகொண்டு விசிறியை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "காத்துக் குறைவோ, குளிர் குறைவோ?" என்றார்.

"ரெண்டும் ஒண்டுதானே ஐயா."

"ரெண்டும் ஒண்டில்லை பிள்ளையள். அதை முதல் பிரிச்சாத்தான் மிச்சம்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கியது.

பிரித்துப் பார்த்தல்

ஐயா சொன்னதை எங்களுக்கு விளங்கின மாதிரி எழுதுகிறோம். வாகனத்து ஏசியில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, கேஸைச் சுருக்கி விரித்து ஒரு கம்பிச் சட்டத்தைக் குளிராக்குவது. கொம்பிறசரும் முன்னால் உள்ள கொன்டென்சரும் டாஷ்போட்டுக்குள் ஒளிந்திருக்கிற எவப்பரேற்றரும் இந்த வேலைக்குரியவை. மற்றது, அந்தக் குளிர்ந்த சட்டத்துக்கு ஊடாகக் காற்றைத் தள்ளி எங்கட முகத்துக்குக் கொண்டு வருவது. அதற்கு விசிறி, வடிகட்டி, குழாய்கள், குழாய்க்குள் திறந்து மூடுகிற சின்னக் கதவுகள். காற்று பலமாக வந்து குளிர் இல்லையென்றால் பிழை பெரும்பாலும் முதல் பக்கத்தில். வருகிற கொஞ்சக் காற்று குளிராக இருந்து அளவு மட்டும் குறைவென்றால் பிழை இரண்டாம் பக்கத்தில். இரண்டாம் பக்கப் பிழைக்கு எத்தனை தரம் கேஸ் அடித்தாலும் காசுதான் போகும்.

இரண்டாம் பக்கத்துக்குள்ளும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. விசிறிச் சத்தமே இல்லையென்றால் பியூஸ், ரிலே, மோட்டர் என்று பார்க்க வேண்டும். கடைசி வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால், பல வாகனங்களில் அது வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்ரரின் பிழை. கீச்சிட்டால் மோட்டர் தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே சருகு விழுந்திருக்கும். காலடிக்கும் முன்கண்ணாடிக்கும் மட்டும் காற்று வந்து முகத்துக்கு வராவிட்டால் கதவுகளில் ஒன்று சிக்கியிருக்கும். சத்தம் பலமாக இருந்தும் காற்று குறைவென்றால் எங்கோ அடைப்பு. எங்கட வேனுக்கு இதுதான்.

ஐயா முன் சீற்றுக்கு எதிரே இருந்த சாமான் பெட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னாலிருந்து ஒரு சதுரத் தட்டை இழுத்தார். கடதாசி மடிப்புகள். வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது செங்கட்டி நிறத்தில் இருந்தது. நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். கொட்டிய மண்ணைக் காட்டி, "இந்தாங்கோ, முத்தையன்கட்டுத் தெரு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதோடு முடியவில்லை. வடிகட்டி அடைத்தபடியால் எவப்பரேற்றருக்கு மேலால் போதிய காற்றுப் போகாமல், அதில் படிந்த ஈரம் பனிக்கட்டியாகி, மிச்சக் காற்றையும் மறித்திருந்தது. ஏசியை நிறுத்தி விசிறியை மட்டும் கால் மணித்தியாலம் ஓட விட்டார். வேனுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. முதலில் நன்றாக வந்து, போகப் போகக் காற்று குறைந்து, நிறுத்தி வைத்தால் திரும்பவும் வருகிறதென்றால் உள்ளே ஐஸ் கட்டுகிறது என்று அர்த்தமாம். வடிகட்டி சுத்தமாக இருந்தும் அப்படி நடந்தால்தான் கேஸ் அளவையும் குளிரை அளக்கிற சென்சரையும் சந்தேகப்பட வேண்டும்.

"சிலபேர் இந்தப் பில்ரரைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடுறவை. காத்து நல்லா வரும்தான். ஆனா புழுதி நேர உள்ள போய் ஈரச் சட்டத்தில சேறாப் பிடிக்கும். பிறகு டாஷ்போட்டையே இறக்கவேணும்" என்றார். பொதுவாக 15,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். கிரவல் தெருவில் ஓடுகிற வாகனத்துக்கு அந்தக் கணக்குச் சரிவராது. தண்ணீரில் கழுவினால் கடதாசி பழுதாகிவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்வதென்றால் காற்று உள்ளே போகிற திசைக்கு எதிராக அடிக்க வேண்டும்.

"ஐயா, ஏசி வேலை எங்க படிச்சனீங்கள்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"ஏசி பிறகுதான். காது பழகினது தடைக் காலத்தில" என்றார்.

கண்ணாடி இல்லாத காலம்

தடைக் காலத்துக்கு வர முதல் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கட தாத்தாமாரின் பயணங்களில் காற்று ஒரு பிரச்சினையே இல்லை. வடக்கின் தட்டிவான்களுக்குக் கண்ணாடியே கிடையாது. பழைய பிரித்தானிய லொறிச் சட்டத்தில் மரத்தால் உடல் கட்டி, பக்கங்களைத் திறந்தபடி விட்டு, பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டியில் மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றுவார்கள். மழை வந்தால் படங்கை இறக்குவார்கள். கொடிகாமம், பருத்தித்துறைப் பக்கம் அவை மிக அண்மைக் காலம் வரை ஓடின. 1958 ஜனவரி 1 ஆம் திகதி பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்த பிறகும், பஸ் என்றால் யன்னலைத் திறந்து வைக்கிற வாகனம்தான்.

அப்போதே உலகின் மறுபக்கத்தில் வாகனத்துக்குள் காற்றைப் பூட்டி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் 1938 இல் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடுகிற சூடேற்றி ஒன்றைக் கொண்டுவந்தது. 1939 இல் பக்கார்ட் நிறுவனம் தன் கார்களில் குளிரூட்டியை விற்கத் தொடங்கியது. பாதிக் கார்ப் பெட்டியை அதுவே பிடித்துக்கொண்டது. நிறுத்துவதற்கு ஆளியும் இல்லை. காரை நிறுத்தி, இறங்கி, பொனற்றைத் திறந்து பெல்ற்றைக் கழற்ற வேண்டும். ஓரிரு வருடங்களில் கைவிட்டுவிட்டார்கள்.

இலங்கையில் 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு. புதிய கார் வாங்குவது பலருக்குக் கனவு. அதனால் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களைத் திருத்தித் திருத்தியே ஓடினார்கள். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. ஆனால் வடக்கில் அந்தப் பழைய கார்கள் சாகவில்லை. அவை ஏன் தேவைப்பட்டன என்பதை 1990கள் காட்டின.

மண்ணெண்ணெயும் காதும்

1990 யூனில் யுத்தம் மீண்டும் வெடித்த பிறகு புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப் பட்டியலில். ஏ9 துண்டுபட்டது. வாகனம் இருக்கிறது, ஓட எண்ணெய் இல்லை. கிடைத்த பெற்றோல் போத்தல் கணக்கில், தங்க விலையில் விற்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது.

இங்கேதான் அந்தப் பழைய கார்கள் கை கொடுத்தன. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது, குளிர்ந்த இஞ்சினில் பற்றாது. அதனால் ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். ஒரு சின்னப் போத்தல், அதிலிருந்து ஒரு சேலைன் குழாய், நேரே கார்புரேற்றருக்கு. இஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். பழைய இஞ்சின்களில் கலவையைச் சுருக்குகிற அழுத்தம் குறைவு என்பதால் அவை இதைத் தாங்கின. இன்றைய இன்ஜெக்சன் கார்களில் இதை நினைத்தும் பார்க்க ஏலாது.

ஆனால் தாங்கின என்பதற்காகச் சும்மா ஓடவில்லை. புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும், ஏற்றத்தில் இஞ்சின் 'டக் டக்' எண்டு தட்டும். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு எண்ணெய் என்பதை ஒவ்வொரு காருக்கும் தனியாகப் பிடிக்க வேண்டும். அளக்கிற கருவி ஒன்றும் இல்லை. "சோக்கை இழுத்து, ஸ்குறூவைக் கால் சுத்துச் சுத்தி, மூச்சைக் கேக்கவேணும். காத்துக் கூடினா ஒரு சத்தம், குறைஞ்சா ஒரு சத்தம்" என்றார் ஐயா. அவருடைய முதல் கராஜ் கிளிநொச்சியில் இருந்தது. 1996 செப்ரெம்பரில் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது, ஸ்பானர்களை உரப்பையில் கட்டிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மல்லாவிக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போற காரும் கலியாணக் காரும் பள்ளிக்கூட ஆசிரியரின் மோட்டார் சைக்கிளும் அந்தக் கொட்டிலுக்குத்தான் வந்தன.

"கார்புரேற்றருக்குள்ள போறதும் காத்துத்தான், உங்கட ஏசிக்குள்ள போறதும் காத்துத்தான். அடைச்ச இடத்தைத் தேடுறதுதான் வேலை" என்றார். வேன் விசிறியை நான்கு தரம் திருப்பிக் கேட்டபோது அவர் செய்ததும் அதுதான் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

இதே வருடங்களில் உலகத்து வாகன ஏசிகளில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஓசோன் படையைக் கெடுக்கிற வாயுக்களை நிறுத்த 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி 1990களின் நடுப்பகுதியில் புதிய கார்கள் ஆர்-12 என்ற வாயுவிலிருந்து ஆர்-134ஏ க்கு மாறின. இரண்டையும் கலக்க முடியாது, எண்ணெய் வேறு, இணைப்பு வாய் வேறு. உலகத்துக் கராஜ்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது வன்னிக் கராஜ்கள் ஒரு துளி பெற்றோலில் இஞ்சினை எழுப்பிக்கொண்டிருந்தன.

கண்ணாடி ஏற்றின வாகனங்கள்

2002 ஜனவரியில் பெரும்பாலான தடைகள் நீங்கின. பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் ஏ9 திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி, பைகளைக் கொட்டிக் காட்டி, யாழ்ப்பாணமும் கொழும்பும் திரும்பவும் ஒரே தெருவில் இணைந்தன. அந்தத் தெருவால் லொறிகளும் வேன்களும் வந்தன, வெளிநாட்டிலிருந்து உறவினர்களும் வந்தார்கள். தொண்டு நிறுவனங்களின் வெள்ளை லான்ட் குறூசர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. 2004 மார்கழி சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரைக்கு அவை இன்னும் நிறைய வந்தன.

வன்னியில் பலருக்கு ஏசி வாகனம் என்றால் முதலில் அந்த வெள்ளை வாகனங்கள்தான். கண்ணாடி ஏற்றியிருக்கும், உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். போன பிறகு கொஞ்ச நேரம் தெருவே தெரியாது. குண்டும் குழியுமான கிரவலில் அவை ஓடி ஓடிக் கராஜுக்கு வந்தன. ஐயா முதன்முதலாகத் திறந்து பார்த்த ஏசியும் அப்படி வந்த ஒன்றுதானாம். சொல்லித் தர ஆளில்லை. "காத்து எங்க நிக்குது எண்டு பாத்தன், பிடிபட்டுது" என்றார்.

அந்தக் காலம் ஐந்து வருடம்கூட நிலைக்கவில்லை. 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்க ஏ9 மூடப்பட்டது. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி வீழ்ந்தது. அதன் பிறகு சனமும் வாகனங்களும் ஏ35 ஆல் கிழக்கே, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்தன. கதவு, யன்னல், ஓடு, நெல்மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிய உழவு இயந்திரங்கள். எங்களில் ஒருத்திக்கு அப்போது ஐந்து வயது. உழவு இயந்திரப் பெட்டியில் தறப்பாளுக்குக் கீழே புழுங்கினதும், காற்றுக்காகத் தறப்பாளைத் தூக்கினால் அம்மா பேசினதும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. முள்ளிவாய்க்கால் கரையோடு தெருவும் முடிந்தது. பஸ், லொறி, உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், சைக்கிள் என்று வாகனங்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே விடப்பட்டன. யுத்தம் முடிந்து பல காலம் அவை துருப்பிடித்துக் கிடந்தன. பழைய இரும்பாகவும் போயின. தடைக் காலம் முழுக்கத் துளித்துளியாக ஓட வைத்த கார்கள் எத்தனை அதற்குள் போயினவோ. ஐயா இரண்டு கார்களைச் சொன்னார், நிறத்தோடு. அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்றைய புழுதி

இப்போது ஏ9 மினுங்குகிறது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தது. இரவில் ஏசி பஸ்களில் போர்வை போர்த்திக்கொண்டு கொழும்புக்குப் போகிறோம். ஆனால் பெரிய தெருவை விட்டு இறங்கினால் இன்னும் எத்தனையோ கிராமங்களுக்குக் கிரவல்தான்.

தடையும் ஒரேயடியாகப் போய்விடவில்லை, வேறு உருவில் வந்தது. 2020 மார்ச்சில் டொலர் பஞ்சத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது நீங்கியது 2025 பெப்ரவரியில். இடையில் 2022 இல் எண்ணெய் வரிசையும் கியூஆர் அட்டையும். அந்த நேரம் பழைய மெக்கானிக்குகளிடம் வந்து "மண்ணெண்ணெயில ஓடலாமோ" என்று இளம் பெடியள் கேட்டிருக்கிறார்கள். கார்கள் மாறிவிட்டன, மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. அந்த ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. ஐந்து வருடம் புதிய வாகனம் வராத நாட்டில், இருந்த வாகனங்களை ஓட வைத்தவர்கள் மாங்குளத்து ஐயாவைப்போன்ற ஆட்கள்தான்.

நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவர்கள். ஒப்பந்தத் திகதிகளும் படை நடவடிக்கைப் பெயர்களும் எங்களுக்குப் பாடம். மண்ணெண்ணெயில் காரை ஓட்டின கதை எல்லா வீட்டிலும் பகிடியாகச் சொல்லப்படுகிறது. எந்தக் காருக்கு எத்தனை துளி, ஸ்குறூ எத்தனை சுற்று, தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக எதைக் கடைந்து போட்டார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் குறைந்துகொண்டு வருகிறது. செய்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. பெரும்பாலான கராஜ்களில் எழுதி வைத்த கொப்பி இல்லை. இருந்த கொப்பிகளும் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. குளங்களைப் பதிவு செய்யப் போன நாங்கள், அந்தக் குளத்துக்கு எங்களைக் கொண்டுபோன வாகனத்தைத் திருத்துகிற அறிவைப் பதிவு செய்ய வேண்டும் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் நேர்மையில்லை. முத்தையன்கட்டுத் தெருவில் எங்களுக்கு முன்னால் போன டிப்பரைத் திட்டினோம். எங்கட வேனுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். ஒருத்தி வெள்ளைச் சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்தோம். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐயா வடிகட்டியைத் தட்டிக் கொட்டினபோதுதான் அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். எங்களுக்கு ஒரு கடதாசி மடிப்பு இருந்தது. அவளுக்குச் சட்டைக் கை. அந்தத் தெருவுக்குத் தார் போடுவதும், டிப்பர்களுக்கு நேரமும் வேகமும் கட்டுவதும், குறைந்தது பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலாவது தண்ணீர் தெளிப்பதும் பிரதேச சபையில் கேட்கக்கூடிய விடயங்கள். நாங்கள் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். அந்த ஊர் ஆட்கள் எங்களுக்கு முதலே எழுதியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வரும்போது கிரவல் வந்த இடங்களில் வேனை மெதுவாக விடச் சொன்னோம். சாரதி அண்ணா சிரித்தார், ஆனால் விட்டார். புதிய வடிகட்டி வாங்க ஐயா ஒரு சீட்டில் அளவு எழுதித் தந்திருந்தார். அடுத்த மாதம் ஒலிப்பதிவுக் கருவியோடு மாங்குளத்துக்குத் திரும்பவும் போகிறோம். உங்கட ஊரிலும் இப்படி ஒரு ஐயா இருப்பார். ஏசி பழுதாகும் வரை காத்திருக்காமல் போய்க் கதையுங்கள்.